ஏழு டிகிரி

ஓசூரிலிருந்து கூரியரில் வந்த பெட்டி காலையிலிருந்து கூடத்து மேசைமேல் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்க்க ஜெயமேரிக்குக் கை ஒழியவில்லை. ஆல்பர்ட்டை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகிலும் இடுப்பிலும் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பையை மாற்ற வேண்டும். உடம்பைத் துடைத்து, சட்டை மாட்டி, கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவிட்டு, அவருடைய வலது கையில் பட்டையைக் கட்டி அதில் கரண்டியைச் செருக வேண்டும். அதற்கப்புறம் இட்லியை அவரே சாப்பிட்டுக்கொள்வார். சிந்தினால் சிந்தட்டும், ஊட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

நாலு வருஷமாக அவளுடைய பொழுது இப்படித்தான் விடிகிறது. இதில் எதுவும் பெரிய கஷ்டமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போய் உட்கார்ந்தால், சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதுமே அவளுக்குக் கண் சொருகிவிடும். பக்கத்தில் இருக்கிற பெண்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

ஆல்பர்ட் பீங்கான் பொம்மைகளுக்கு ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டாக இருந்தவர். மாதிரிப் பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி, பைக்குக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சேலம் திருச்சி என்று கடை கடையாக ஏறி இறங்கினவர். வேப்பூர் தாண்டி வரும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. பெட்டியிலிருந்த பொம்மைகளில் பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குக் கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோளும் முழங்கையும் அசைந்தன. மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கிவிட்டுக் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். இனிமேல் இவருக்கு வேர்க்காது. முகத்தில் கொஞ்சம் வேர்க்கலாம், அவ்வளவுதான். உடம்பின் சூடு வெளியே போக வழி இருக்காது. அறை சூடானால் கூடவே அவரும் சூடாவார். காற்றும் ஈரமும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ஜெயமேரிக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின. இது மட்டும் அங்கேயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே புரிந்துவிட்டது. சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துவதுதான் அவள் படித்த படிப்பு. சென்னையில் அவள் பார்த்த வேலையும் அதுதான். வண்டிகளுக்குள் வைக்கும் எலக்ட்ரானிக் சாமான்கள் எங்கே சூடாகும், அதை எப்படித் தணிப்பது என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பாள்.

அந்த வேலையை விட்டுவிட்டு, விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆல்பர்ட்டின் சொந்த வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவருடைய அறைக்கு ஏசி போட்டார்கள். கரண்ட் போனால் ஃபேனாவது ஓடட்டும் என்று இன்வர்ட்டர் வைத்தார்கள். ஆல்பர்ட் சில மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு காதில் ஹெட்செட்டை மாட்டச் சொல்லி, பழைய கடைக்காரர்களுக்குப் படுத்தபடியே போன் போட ஆரம்பித்தார். ஆர்டரை வாங்கி எஸ்டேட்டில் இருக்கும் யூனிட்டுகளுக்குச் சொல்லிவிடுவார். நெஞ்சுத் தசை வேலை செய்யாததால் குரல் எழும்பாது. கடைக்காரர்கள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்கள்.

ஜெயமேரியோடு முன்பு வேலை பார்த்த வளவன் என்கிற பையன் அப்போது சென்னையில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்தான். கம்ப்யூட்டர் உதிரி பாகங்கள் செய்து விற்கப் போவதாகவும், முதலில் ஒரு டவர் கூலர் கொண்டுவர வேண்டும் என்றும், வீட்டிலிருந்தபடியே டிசைன் செய்து தர முடியுமா என்றும் கேட்டான். சரி என்றாள். யோசித்துச் சொன்ன சரி இல்லை அது. அலுப்பில் எதைக் கேட்டாலும் சரி சொல்லிக்கொண்டிருந்த காலம்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராசஸர் ஒரு பிஸ்கட் அளவுதான். வேலை செய்யத் தொடங்கினால் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதுதான் கூலரின் வேலை. அடியில் வழவழவென்று தேய்த்த ஒரு செம்புக் கட்டை. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து மேலே ஏறும் ஆறு செம்புக் குழாய்கள். குழாய்களில் கோத்து, நடுவே இடம் விட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அலுமினியத் தகடுகள். அந்த அடுக்கின் பக்கவாட்டில் ஒரு விசிறி. குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுச் சில சொட்டுத் தண்ணீர் மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். அடியில் சூடு பட்டதும் தண்ணீர் ஆவியாகி மேலே ஓடும். அங்கே தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகும். குழாயின் உட்சுவரில் செம்புப் பொடியைச் சுட்டு ஒட்டவைத்திருப்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சிக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். மெருகு பூசாத மண்பாண்டம் தண்ணீர் குடிக்கிற மாதிரியா என்று ஆல்பர்ட் கேட்டார். அதேதான் என்றாள்.

ஏதோ வரைந்து கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ஆனால் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டின் ஆபீஸ் கம்ப்யூட்டர் மத்தியானமானால் தானாக அணைந்துவிடுகிறது என்று ஆல்பர்ட்டுக்குச் சேதி வந்து, போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று அவர் அனுப்பினார். திறந்து பார்த்தாள். கூலரின் தகடுகளுக்கு நடுவே வெள்ளைக் களிமண் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. விசிறி பாவம், சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த வேலையில் மனசு இறங்கியது.

தன் கூலரில் தகடுகளை நெருக்கி அடுக்கவில்லை. தூசி விழுந்தால் வெளியேறிப் போகும்படி இடைவெளியைத் தாராளமாக விட்டாள். விசிறியை இரண்டு கம்பிக் கொக்கிகளில் மாட்டினாள்; ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் யார் வேண்டுமானாலும் கழற்றி, ஊதிவிட்டுத் திரும்ப மாட்டலாம். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி இடிக்காத உயரம். பக்கத்தில் நிற்கும் மெமரி அட்டைகளை மறைக்காதபடி முழு அடுக்கையும் ஒரு விரல்கடை பின்னால் தள்ளிய வளைவு. விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும், சத்தமே வராது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. இடைவெளி கூடினால் தகடுகளின் எண்ணிக்கை குறையும். குறைந்த தகடுகள் அத்தனை சூட்டையும் சுமக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் குழாயை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அதனால் தகடும் குழாயும் சேரும் இடத்திலெல்லாம் ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும் என்று வரைபடத்தில் எழுதியிருந்தாள்.

அந்தக் கூலரின் முதல் மாதிரிதான் பெட்டியில் வந்திருந்தது. ஆல்பர்ட் சாப்பிட்டு முடித்து போனில் உட்கார்ந்த பிறகு அதைப் பிரித்தாள். கையில் எடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது. வரைந்தபோது கண்ணுக்குள் இருந்த அதே வடிவம், அதே கனம். அறைக்குள் கொண்டுபோய் அவருடைய மடியில் வைத்தாள். முழங்கையால் அணைத்துப் பார்த்தார். விரல் மடிப்பால் தகடுகளின் ஓரத்தைத் தேய்த்தார். கிர்ரென்று சத்தம் வந்தது. சீப்பு மாதிரி இருக்கிறது என்றார்.

கூடத்தின் மூலையில் அவள் சோதனைக்கு ஒரு மேசை போட்டிருந்தாள். பிராசஸர் அளவுக்கு ஒரு செம்புக் கட்டை, அதற்குள் ஒரு ஹீட்டர் குச்சி. கட்டையின்மேல் சூடு கடத்தும் பசையைப் பொட்டு வைத்து, கூலரை உட்கார வைத்து, நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினாள். ஹீட்டரைப் போட்டால் லேப்டாப் திரையில் சூட்டின் கோடு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் படுக்கும். எங்கே படுக்கிறது என்பதில்தான் கூலரின் யோக்கியதை தெரியும்.

அவள் கணக்குக்கு ஏழு டிகிரி மேலே போய்ப் படுத்தது.

கழற்றிப் பசையைத் துடைத்து மறுபடி வைத்தாள். அதே ஏழு. குழாயின் நுனியில் விரலை வைத்தவள் சுரீரென்று எடுத்துக்கொண்டாள். தகட்டின் ஓரத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சூடு மேலே வரைக்கும் ஒழுங்காக வருகிறது, அங்கிருந்து தகட்டுக்கு முழுதாகத் தாண்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈயம் எங்கேயும் இல்லை. தகடுகளைக் குழாயில் அப்படியே அழுத்திச் செருகியிருந்தார்கள்.

வளவனுக்குப் போன் செய்தாள். அவனுக்குத் தெரிந்திருந்தது. பற்றவைப்பதற்குத் தனியாக அடுப்பு வேண்டும், அது ஓசூர்ப் பட்டறையில் இல்லை, வெளியே கொடுத்தால் மாதக் கணக்கில் இழுக்கும் என்றான். நாளைக்கு முடிவு சொன்னால்தான் தீபாவளிக்குச் சரக்கு வரும் என்றும், காலையில் வீடியோவில் உட்கார்ந்து பேசிவிடலாம் என்றும் சொன்னான்.

மறுநாள் பராமரிப்புக்காகப் பகலெல்லாம் கரண்ட் இருக்காது என்று முன்பே போனில் அறிவிப்பு வந்திருந்தது. மே மாதம். அப்படிப்பட்ட நாட்களில் ஜெயமேரி வேறு எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். காலையிலேயே ஏசியை முழுதாக வைத்து அறையைக் குளிர வைப்பாள். சன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவாள். கரண்ட் போனதும் இன்வர்ட்டரில் ஃபேன் ஓடும். அடிக்கொருதரம் ஈரத் துண்டை மாற்றுவாள். அன்றைக்கும் எல்லாம் செய்தாள். ஆனால் பேச்சுக்கு நடுவே வளவன், குழாயின் தரம்தான் சரியில்லையோ, தகட்டின் மேல் பழி போடுவானேன் என்றான். கண்ணெதிரே காட்டுகிறேன் என்று அவள் ஹீட்டரை இன்வர்ட்டரில் சொருகினாள். கொஞ்ச நேரம்தானே, இரண்டு பாட்டரி இருக்கிறதே என்று நினைத்தாள். பாட்டரிகள் வாங்கிய காலத்தை அவள் நினைக்கவில்லை.

வளவன் கெட்டவன் இல்லை. அவனும் இரண்டு மூன்று வருஷமாகத் தூக்கம் கெட்டு அலைகிறவன்தான். விசிறியின் வேகத்தைக் கூட்டிவிடலாம் என்பது அவன் கட்சி. வேகமாகச் சுற்றினால் ஏழு டிகிரியில் நாலு குறையும். மீதி மூன்றை யார் கேட்கப் போகிறார்கள்?

"வாங்குறவங்க டெம்பரேச்சரையா மேடம் பாக்குறாங்க? கலர் லைட் எரியுதான்னு பாக்குறாங்க" என்றான்.

"சாயந்தரம் நாலு மணிக்குக் கம்ப்யூட்டரு தானா அணைஞ்சி போவும்ல, அப்ப பாப்பாங்க வளவன்."

விசிறி வேகமாகச் சுற்றினால் தூசியையும் வேகமாக இழுக்கும் என்று அவள் சொன்னாள். சத்தம் வரும். பக்கத்தில் படுத்திருக்கிறவர்கள் தூங்க முடியாது. இடைவெளி விட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். பிறகு கடையில் கிடக்கிற நூறு கூலரில் இதுவும் ஒன்று, அதற்கு நான் எதற்கு என்று கேட்டாள். அவளுக்குக் குரல் ஏறியது. எழுந்து நின்றுவிட்டாள். ஒரு தகட்டின் மேல் சூடு எப்படிப் பரவும் என்று காற்றில் கையால் வரைந்து காட்டினாள். வளவன் திருப்பிச் சொன்னான், அவள் வெட்டினாள், அவன் சிரித்துவிட்டான், அவளும் சிரித்தாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அப்போதுதான் திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு சட்டென்று வளைந்து கீழே இறங்கியது. கூலரின் விசிறி தள்ளாடி நின்றது. ஜெயமேரி உச்சுக் கொட்டினாள்.

"இன்வர்ட்டரு போயிடுச்சி வளவன். ரீடிங் போச்சி."

லேப்டாப்பும் போனும் சொந்த பாட்டரியில் ஓடின. அதனால் பேச்சு அறுபடவில்லை. அதுவரைக்கும் கிடைத்த கோடே போதும் என்று சொல்லி, அதைப் பெரிதாக்கி அவனுக்குக் காட்டினாள். எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டாள். பழைய சென்னைக் கம்பெனியில் இதே மாதிரி ஒரு சாமான் படுத்திய பாட்டை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு திரும்ப ஈயத்துக்கு வந்தார்கள். அவளுடைய நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி மேசைமேல் விழுந்தது. துடைக்கப் போன கை நெற்றியிலேயே நின்றது.

என்ன சொல்லிவிட்டு எழுந்தாள் என்று அவளுக்குப் பின்னால் ஞாபகம் இல்லை. அறைக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. ஃபேன் அசையாமல் தொங்கியது. ஆல்பர்ட்டின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. உதடு வெடித்திருந்தது. மார்பில் கை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து, பண்ருட்டி வண்டி வந்துவிட்டதா என்று கேட்டார். பண்ருட்டியிலிருந்து எந்த வண்டியும் வர வேண்டியதில்லை.

பின்வாசலுக்கு ஓடி, சுவருக்கு அந்தப் பக்கம் அமிர்தத்தைக் கூப்பிட்டாள். அமிர்தம் எஸ்டேட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டப் போகிறவள். கரண்ட் இல்லாததால் அன்றைக்கு யூனிட்டுக்கு லீவு. ஈரக்கையோடு அப்படியே வந்தாள். இரண்டு பேரும் திரையை விலக்கிச் சன்னலைத் திறந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, அடியில் ரெக்ஸின் விரிப்பை இழுத்துவிட்டு, நனைத்த வேட்டியை அவர்மேல் போர்த்தி, குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினார்கள். அமிர்தத்தின் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். ஈரம் மட்டும் போதாது, காற்று வேண்டும். ஓசூர்ப் பெட்டியின் அட்டை மூடியைக் கிழித்து அமிர்தம் இரண்டு கையாலும் வீசினாள். அவள் கை ஓய்ந்தால் ஜெயமேரி வாங்கிக்கொள்வாள். தெர்மாமீட்டர் நூற்று மூன்றுக்கு மேல் காட்டியது. டாக்டருக்குப் போன் செய்தபோது, செய்வதை விடாமல் செய்யுங்கள், கொஞ்ச நேரத்தில் இறங்காவிட்டால் வண்டி வைத்துக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்.

எவ்வளவு நேரம் வீசினார்கள் என்று தெரியாது. சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பிறகு ஆல்பர்ட் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, அமிர்தம் இங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டார். தெர்மாமீட்டர் நூற்று ஒன்றுக்கு இறங்கியிருந்தது. கரண்ட் வந்து ஏசி உறுமத் தொடங்கும்வரை அமிர்தம் கூடவே இருந்தாள். யார் மேலும் தப்புச் சொல்லவில்லை. போகும்போது, நீயும் ஒரு வாய் தண்ணி குடி மேரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வளவனிடமிருந்து ஏழெட்டு முறை போன் வந்திருந்தது. கூப்பிட்டாள். அவன் கூலரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். தான் கிளம்பி வரட்டுமா என்றான். வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் ஈரத்தையெல்லாம் துடைத்து, விரிப்பை மாற்றி, கஞ்சி கொடுத்த பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தன.

"ஏங்க, ஏன் என்னக் கூப்புடல?"

"கூப்புட்டேன். ஒரு தடவ. ஒனக்குக் கேக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் கூப்புடல."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"நீ அந்தப் பையன்கிட்ட சண்ட போட்டுகிட்டு இருந்த. சிரிச்ச வேற. ஒன் கொரலு அப்படிக் கேட்டு எவ்ளோ காலமாச்சி மேரி. நடுவுல பூந்து கெடுக்க மனசு வரல. இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல."

ஜெயமேரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வந்த வேகத்திலேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் போய்விட்டது. தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் மத்தியானம் முழுக்க நினைத்திருந்தாள்.

"இன்வர்ட்டரு நின்னப்ப மொதல்ல எனக்கு நீங்க ஞாபகத்துக்கு வரல. ரீடிங் போச்சேன்னுதான் இருந்துச்சி. அதுக்கப்பறமும் பேசிகிட்டே இருந்தேன்."

அவர் முழங்கையை நகர்த்தி அவள் தலைமேல் மணிக்கட்டை வைத்தார்.

"நா ஆர்டரு பேசறப்ப நீ எனக்கு ஞாபகத்துக்கு வரமாட்ட" என்றார்.

வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அவள் சொன்னாள். விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டார். உங்களைப் பார்த்துக்கொள்வேன் என்றாள்.

"காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துகிட்டு ஒக்காந்திருப்பியா? எனக்கு அது வாணாம். ஃபேனுக்கு வேற வழி பாரு."

மறுநாள் எலக்ட்ரீஷியன் தமிழ்மணியை வரவழைத்தாள். ஆல்பர்ட்டின் ஃபேனுக்கென்று தனியாக ஒரு புதிய பாட்டரி, தனி இன்வர்ட்டர். அந்த ஃபேன் வயரைத் தவிர வேறெதையும் அதில் சேர்க்க முடியாதபடி ஒயரிங் செய்யச் சொன்னாள். பாட்டரி இறங்கினாலும் கரண்ட் நின்றாலும் கூடத்தில் கத்துகிற ஒரு அலாரமும் வைத்தான். ஆல்பர்ட்டின் முழங்கை எட்டும் இடத்தில் ஓர் அழைப்பு மணி பொருத்தினான். இதையெல்லாம் நாலு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம். அதை நினைத்து வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. அதனால் விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கூலரை மறுபடி கையில் எடுத்தாள். ஒரு தகட்டை மட்டும் நெம்பி உருவிப் பார்த்தாள். குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றித் தகட்டிலேயே சிறிய விளிம்பு எழுப்பியிருந்தார்கள். குழாயைப் பிடித்துக்கொள்வது அந்த விளிம்புதான். ஓசூர்க்காரர்கள் நெருக்கமான தகடுகளுக்குப் பழகிய கை. தங்கள் வழக்கப்படி விளிம்பைக் குட்டையாக விட்டிருந்தார்கள். அவள் விட்ட இடைவெளியில் பாதிக்குக்கூட அது வரவில்லை. மீதி இடத்தில் குழாய் வெறுமனே நின்றது.

விளிம்பை இடைவெளியின் முழு உயரத்துக்கும் எழுப்பினால்? ஒரு தகட்டின் விளிம்பு அடுத்த தகட்டைத் தொடும். குழாய் அடி முதல் நுனி வரை உறை போட்ட மாதிரி இருக்கும். ஓட்டையையும் ஒரு மயிரிழை குறைத்தால் செருகும்போது இறுகிக்கொள்ளும். ஈயம் அளவுக்கு வராது. ஆனால் அடுப்பு வேண்டாம், அச்சை மட்டும் மாற்றினால் போதும். மூன்று நாள் கிடைத்த நேரத்திலெல்லாம் வரைந்து, கணக்குப் போட்டு, வளவனுக்கு அனுப்பினாள். விசிறியின் வேகத்தைத் தொடக் கூடாது என்று அடியில் எழுதினாள்.

வளவன் இந்தத் தடவை சண்டை போடவில்லை. புது அச்சு வர நாளாகும், தீபாவளிக்கு முடியாது என்றான். சொல்லும்போது குரல் தொங்கிவிட்டது. பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டுகிறேன் என்றான். அவள் அதற்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சரி என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது மாதிரி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. வெயில் தணியவில்லை. எஸ்டேட்டில் கொலு பொம்மைகளுக்குச் சூளை ஓயாமல் எரிந்தது. ஆல்பர்ட்டுக்கும் போன் ஓயவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு ஜெயமேரி சோதனைக்கு உட்கார்ந்தாள். பசை வைத்தாள், ஸ்க்ரூவை முடுக்கினாள், ஹீட்டரைப் போட்டாள். கோடு ஏறியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்குக்கு இரண்டு டிகிரி மேலே போய்ப் படுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். அதற்குமேல் ஏறவில்லை. தகட்டின் ஓரத்தைத் தொட்டாள். நன்றாகச் சுட்டது.

இரண்டு டிகிரி. முதல் தடவை வரைந்தபோது இருந்த ஜெயமேரியாக இருந்தால் அந்த இரண்டையும் துரத்திக்கொண்டு போயிருப்பாள். இது போதும் என்று வளவனுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு ஹீட்டரை அணைத்தாள்.

சொல்லலாம் என்று அறைக்குள் போனாள். ஆல்பர்ட் போனில் இருந்தார். கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவர் தசாவதார செட் எத்தனை அனுப்ப முடியும் என்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் இரு என்று புருவத்தால் சைகை காட்டினார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது, பேச்சை நிறுத்தாமலே தலையை ஆட்டினார்.

பேசி முடிக்கட்டும் என்று கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரை குளுகுளுவென்று இருந்தது. அப்படியே சாய்ந்தாள். பிற்பகல் மருந்து கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. சமையலறையில் பாத்திரம் கிடந்தது. எழுந்து போய்த் தேய்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தாள். நினைத்த இடத்திலேயே கண் மூடிவிட்டது.

கட்டில் விளிம்புக்கு வெளியே அவளுடைய பாதம் மட்டும் ஆல்பர்ட்டுக்குத் தெரிந்தது. அவருடைய குரல் ஏற்கெனவே மெல்லிய குரல். அதையும் இன்னும் இறக்கினார்.

"மொதலாளி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார். "வூட்ல தூங்கறாங்க."